ஊர்த் தண்ணீருக்கு மீட்டர்: முதல் மீட்டரை எங்கே வைப்பது?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கும்பாபிஷேகம், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், கண்மாய் தூர்வாருதல் என்று வசூல் நடப்பது பழைய சங்கதி. தண்ணீர் மீட்டர் பற்றிய பேச்சும் அங்கே எட்டிப் பார்க்கிறது. “நாம இங்க மாசாமாசம் மீட்டர்படிதானே கட்டுறோம்? ஊர்லயும் வீட்டுக்கு ஒண்ணு மாட்டிவிட்டா யாரும் தண்ணிய வீணாக்க மாட்டாங்க” என்பது வாதம். பாதி சரி. மீதிப் பாதியைப் பார்க்காமல் பணம் அனுப்பினால், இரண்டு மூன்று வருடத்தில் அந்த மீட்டர்கள் மண் படிந்து நிற்கும், அல்லது காயலான் கடைக்குப் போயிருக்கும்.

முதலில் ஊரில் தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் குடிநீரை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பொறுப்புகளில் ஒன்றாகச் சேர்த்தது. தமிழ்நாட்டில் பெரிய குழாய்த் திட்டங்களை 1971இல் அமைந்த குடிநீர் வடிகால் வாரியம் கட்டுகிறது. ஊருக்குள் தொட்டியிலிருந்து வீடு வரைக்குமான விநியோகம் ஊராட்சியின் வேலை. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஒவ்வொரு ஊரக வீட்டுக்கும் குழாய், தலைக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. கூடவே, உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கும் ஒரு கிராமக் குடிநீர்க் குழுவும் வேண்டும் என்றது. காகிதத்தில் நிர்வாகம் அந்தக் குழுவிடம் இருக்கிறது. நடைமுறையில் ஊரின் தண்ணீர் பெரும்பாலும் ஒரே ஆளின் கையில், அதாவது வால்வைத் திறந்து மூடும் டேங்க் ஆபரேட்டர் கையில் இருக்கிறது. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் மனக்கணக்கு.

கட்டணம் பெரும்பாலும் வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை. இதன் சிக்கல் சிங்கப்பூரில் அறை எடுத்துத் தங்கியவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஒரு வீட்டில் ஆறு பேர், மீட்டர் ஒன்று, வரும் பியூபி பில்லை, அதாவது தண்ணீர் பில்லை, ஆறால் வகுப்பார்கள். தினமும் துணி துவைக்கிறவரும், வாரத்தில் பாதி நாள் வேலையிடத்திலேயே குளித்துவிட்டு வருகிறவரும் ஒரே காசு கட்டுவார்கள். அப்புறம் ஒரு மாதம் பில் எகிறும்போது யார் மேல் பழி போடுவது என்று தெரியாமல் எல்லாரும் எல்லாரையும் முறைப்பார்கள். ஊரில் மாட்டுத்தொழுவம் கழுவுகிற வீடும், இரண்டு குடத்தோடு நிற்கிற வீடும் ஒரே தொகை கட்டுவதில் அதே புழுக்கம்தான் இருக்கிறது. ஆகவே மீட்டர் என்ற யோசனை நியாயத்திலிருந்துதான் பிறக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சிங்கப்பூரை உதாரணம் காட்டுகிறவர்கள் இங்கே மீட்டர் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 2003இல் இங்கே ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குச் செலவழித்த தண்ணீர் சராசரியாக 165 லிட்டர். 2023இல் அது 141 லிட்டர். இடையில் 2020இல், எல்லாரும் வீட்டுக்குள் இருந்த கொவிட் காலத்தில், 154க்கு ஏறிவிட்டு இறங்கியது. கவனிக்க வேண்டியது இதுதான்: 2003லும் வீட்டுக்கு வீடு மீட்டர் இருந்தது. மீட்டர் இருந்தும் 165. அதைக் கீழே கொண்டுவந்தவை வேறு. தண்ணீர்ச் சேமிப்பு வரி அதற்கு முன்பே, 1991இல் வந்திருந்தது. 1997 முதல் 2000 வரை படிப்படியாக விலையும் ஏறியிருந்தது. அதன்மேல், 2009 முதல் குழாய்களிலும் கழிவறைத் தொட்டிகளிலும் தண்ணீர்ச் சிக்கன முத்திரை கட்டாயமானது. 2017, 2018இல் இரண்டு கட்டமாக 30 விழுக்காட்டு உயர்வு. 2024 ஏப்ரலிலும் 2025 ஏப்ரலிலும் இன்னொரு ஏற்றம். இப்போது மாதம் 40 கன மீட்டருக்குள் புழங்கும் வீட்டுக்கு ஆயிரம் லிட்டர் 3 வெள்ளி 24 காசு, ஜிஎஸ்டி தனி. இத்தனை ஏற்றத்திலும் வசதி குறைந்த வீடுகள் அடிபடாமல் இருக்க யு-சேவ் என்ற அரசுத் தள்ளுபடி பில்லிலேயே கழிக்கப்படுகிறது.

மீட்டரின் தனிப் பங்கு என்ன என்று கேட்டால், அதற்கும் ஓரளவு விடை உண்டு. ஸ்மார்ட் மீட்டர்களைப் பெரிய அளவில் பொருத்தத் தொடங்குவதற்கு முன், 2015இல் பொங்கோலிலும் 2016இல் யூஹுவாவிலும் சோதனை நடந்தது. வழக்கமான மீட்டரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஆள் வந்து ரீடிங் எடுப்பார். இடைப்பட்ட மாதம் உத்தேச பில். புதிய மீட்டர் செலவைக் கைப்பேசியில் காட்டியது, கசிவு இருந்தால் சொன்னது. அதில் கிடைத்த சேமிப்பு சராசரியாக 5 விழுக்காடு. நல்லதுதான். ஆனால் பாதித் தண்ணீர் மிச்சமாகும் என்று ஊருக்கு வாக்குக் கொடுக்கிற அளவுக்கான எண் அது இல்லை.

இன்னொரு பெரிய வித்தியாசம், இங்கே குழாயில் இருபத்திநான்கு மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. இங்கும் 1963-64இல் பத்து மாதம் பங்கீடு இருந்தது. கம்பம் எனப்பட்ட அந்தக் காலக் குடியிருப்புகளின் பொதுக்குழாயில் வாளியோடு வரிசையில் நின்ற தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. ஆனால் மீட்டர் என்ற கருவி வடிவமைக்கப்பட்டிருப்பது எப்போதும் நிறைந்திருக்கும் குழாய்க்குத்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும் ஊரில் அதே கருவி வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

எப்படி என்று பார்க்கலாம். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் காற்று புகுந்துவிடுகிறது. அடுத்த முறை வால்வைத் திறக்கும்போது வரும் தண்ணீர் அந்தக் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. குழாயைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் வீட்டில் முதலில் ‘புஸ்ஸ்’ என்று சத்தம், பிறகு இருமல், பிறகுதான் தண்ணீர். மீட்டருக்குள் இருக்கும் சின்னச் சக்கரத்துக்குத் தன்னைச் சுற்றுவது தண்ணீரா காற்றா என்று தெரியாது. காற்று இன்னும் வேகமாகவே சுற்றிவிடும். மேட்டுத் தெருவிலும் குழாயின் கடைசியிலும் இருக்கிற வீடுகளுக்குத்தான் இந்தக் காற்று அதிகம் போகும். தண்ணீர் மிகக் குறைவாக வரும் அதே வீடுகளுக்குத்தான் காற்றுக்கும் சேர்த்து பில் வரும். அந்த வீட்டுக்காரர் மீட்டரைப் பிடுங்கி எறிந்தால் எனக்கு அவர் மேல் கோபம் வராது. குழாய்த் தடத்தின் மேடான இடங்களில் காற்று வால்வு வைப்பது இதற்கு ஓரளவு மருந்து. முழு மருந்து, குழாய் காலியாகாமல் பார்த்துக்கொள்வது.

காற்று கூட்டிக் காட்டும் என்றால், ஒழுக்கு குறைத்துக் காட்டும். மிதவை வால்வு வைத்த சம்ப்போ மாடித் தொட்டியோ உள்ள வீடுகளில், தொட்டி நிரம்பி வரும்போது வால்வு மெல்ல மூடி, தண்ணீர் நூல் போல இறங்கும். ஐஎஸ்ஓ 4064 தரநிலைப்படி ஒவ்வொரு மீட்டருக்கும் கீழ் எல்லை ஒன்று உண்டு. மணிக்கு இரண்டரை கன மீட்டர் வரை தாங்கும் ஒரு வீட்டு மீட்டரில் ‘ஆர் 80’ என்று போட்டிருந்தால் அந்தக் கீழ் எல்லை மணிக்குச் சுமார் 31 லிட்டர். ‘ஆர் 160’ என்றால் அதில் பாதி. அதற்கும் மெதுவாக ஓடும் தண்ணீரை மீட்டர் ஒழுங்காகக் கணக்கெடுக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மீட்டரைச் சாய்த்துப் பொருத்தினால் இன்னும் மோசம். ஆழ்துளைக் கிணற்று மணலும் உப்பும் சேர்ந்தால் சக்கரம் திக்கத் தொடங்கும். ஆக, தொட்டி கட்ட வசதியுள்ள வீட்டுக்குக் குறைவாகவும், குடத்தில் பிடிக்கிற வீட்டுக்குக் காற்றோடு சேர்த்தும் காட்டுகிற ஒரு கருவியை நியாயத்தின் பெயரால் மாட்ட வேண்டியதாகிவிடும்.

குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்கள் கதை தனி. மீட்டர் இருந்தால் அவர்கள் உறிஞ்சியதற்காவது காசு கட்டுவார்கள், சரி. ஆனால் பக்கத்து வீட்டுக் குழாய் வறண்டு போவதை மீட்டர் தடுக்காது.

அப்படியானால் மீட்டரே வேண்டாமா? வேண்டும். ஆனால் முதல் மீட்டரை மாட்ட வேண்டிய இடம் வீட்டு வாசல் இல்லை, மேல்நிலைத் தொட்டியின் அடிக்குழாய். ஊருக்குள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதே தெரியாமல் வீட்டுக்கு வீடு அளப்பதில் பொருளில்லை.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். 200 வீடு, 800 பேர். தலைக்கு 55 லிட்டர் என்றால் நாளைக்கு 44,000 லிட்டர் தேவை. தொட்டி 60,000 லிட்டர், தினமும் ஒருமுறை நிறைந்து காலியாகிறது. அப்படிப் பார்த்தால் பற்றாக்குறையே இருக்கக் கூடாது. ஆனால் கடைசித் தெருவில் வாரத்துக்கு இரண்டு நாள் சண்டை. வீட்டு மீட்டர்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 36,000 லிட்டர்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 24,000 லிட்டர், அதாவது நூற்றுக்கு நாற்பது, எங்கே போனது? எல்லாம் கசிவு என்று முடிவுகட்டிவிட முடியாது. பொதுக்குழாய் இருக்கும், பள்ளிக்கூடம், அங்கன்வாடி, கோயில் இருக்கும், ஒரு சில வீட்டில் கணக்கில் வராத இரண்டாவது இணைப்பு இருக்கும், மீட்டரே குறைத்துக் காட்டியிருக்கும். ஆனால் கசிவு கண்டிப்பாக இருக்கும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசியும் ஒரே ஒரு இணைப்பு, குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் நின்றால், நாளைக்கு 1,440 லிட்டரை மண்ணுக்கு அனுப்பும். அது 26 பேரின் பங்கு. அப்படி ஐந்தாறு இடம் இருந்தால் போதும். வீடுகளில் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் கடைசித் தெரு காய்ந்துதான் கிடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய பொறியியல் வேண்டாம். ஊர் அடங்கிய பிறகு, இரவு இரண்டு மணி வாக்கில், தொட்டி வால்வைத் திறந்து வைத்து அடிக்குழாய் மீட்டரைப் பாருங்கள். கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும், சிவப்பு எண்கள் அதற்கும் கீழே உள்ளதைக் காட்டும். முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரச் சக்கரம் இருக்கும். லேசாகத் தண்ணீர் ஓடினாலே அது சுற்றும். யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்தில் அது விடாமல் சுற்றினால், சம்ப் நிரப்பும் வீடுகளைக் கழித்துவிட்டு, மிச்சம் ஒழுகல்தான். பிறகு ஒவ்வொரு தெரு வால்வாக மூடிக்கொண்டே வந்தால் எந்தத் தெருவை மூடும்போது சக்கரம் நிற்கிறதோ அங்கே தோண்டலாம். வீட்டு மீட்டரிலும் இதே வித்தை செல்லும். சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் குழாயையெல்லாம் மூடிவிட்டு நடைவழிப் பெட்டியில் இருக்கும் மீட்டரைப் போய்ப் பார்த்தால் கழிவறைத் தொட்டி ஒழுகுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அடிக்குழாய் மீட்டருக்கு அடுத்தது தெருவுக்கு ஒரு மீட்டர். இதைப் பற்றிப் பேசும்போதுதான் ஊரில் சிலர் முகம் மாறும். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. பல ஊர்களில் குழாயின் கடைசியில் இருப்பது காலனி. தெரு மீட்டர் வைத்தால் ஊர்த்தெருவுக்குத் தலைக்கு எத்தனை லிட்டர், காலனிக்கு எத்தனை லிட்டர் என்பது எண்ணாக வெளியே வந்துவிடும். அதுவரை “அங்கயும் விட்டுட்டுத்தாங்க இருக்கோம்” என்று சொல்லி நழுவிய ஆட்களுக்கு அதன்பின் நழுவ இடமில்லை. வீட்டு மீட்டர் ஒரு குடும்பத்தைக் கேள்வி கேட்கும். தொட்டி மீட்டரும் தெரு மீட்டரும் குழுவைக் கேள்வி கேட்கும். குழு தன்னை அளக்க ஒப்புக்கொண்ட பிறகு வீடுகளை அளக்க வந்தால் எதிர்ப்பு பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் அன்றும் கிராம சபை கூட்டப்படும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ஏற்றிய தண்ணீர், போய்ச் சேர்ந்த தண்ணீர், கரண்டு பில், வசூல் இவை நான்கையும் அன்று வாசித்துக் காட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

வெளிநாட்டு அனுபவமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. அயர்லாந்தின் கிராமப்புறங்களில் ஊர்க்காரர்களே 1960களிலிருந்து குழுவாகச் சேர்ந்து கட்டி நடத்தும் குடிநீர்த் திட்டங்கள் நிறைய உண்டு. அவற்றில் பலவும் 2000களில் மீட்டர் போட்டன. ஒழுகல் தெரிந்தது, அடைத்தார்கள், ஏற்றும் தண்ணீர் குறைந்தது. அதே நாட்டில் 2014 வாக்கில் அரசு நிறுவனம் நாடு முழுக்க வீட்டுக்கு வீடு மீட்டர் மாட்டப் போனபோது தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2016இல் கட்டணத்தையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. இரண்டு இடத்திலும் அதே மக்கள், அதே மாதிரி மீட்டர்தான். தங்கள் பணம் தங்கள் குழாய்க்குத்தான் போகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்த இடத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது வேறு. சொவேட்டோவின் ஃபிரி பகுதியில் முன்பண மீட்டர்களை ஜொகன்னஸ்பர்க் மாநகராட்சி பொருத்தியது. வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம், அது தீர்ந்தால் முன்பணம் கட்டும் வரை குழாய் தானாக மூடிக்கொள்ளும். மக்கள் வழக்குப் போட்டு கீழ் நீதிமன்றத்தில் வென்றார்கள், 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தோற்றார்கள். சட்டப்படி மாநகராட்சி சரியாக இருக்கலாம். ஆனால் ஒரே முற்றத்தில் இரண்டு மூன்று குடும்பம் இருக்கிற இடத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு யாரைக் காய வைக்கும் என்று யோசித்தால் போதும், முன்பண மீட்டரை ஊருக்குச் சிபாரிசு செய்ய மனசு வராது.

கட்டணத்திலும் இதே கண்ணி இருக்கிறது. ‘அதிகம் செலவழித்தால் அதிக விலை’ என்ற படிக்கட்டுக் கட்டணம் கேட்க நன்றாக இருக்கும். எட்டுப் பேர் உள்ள கூட்டுக் குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் சிக்கனமாகப் புழங்கியும் மேல் படிக்குப் போய்விடும். இரண்டு பேர் உள்ள வீடு தோட்டத்துக்குப் பாய்ச்சியும் கீழ்ப்படியில் நிற்கும். சிங்கப்பூரில் மேல் படி மாதம் 40 கன மீட்டருக்குப் பிறகுதான் தொடங்குகிறது, சாதாரண வீடு அதைத் தொடுவதே இல்லை. ஊரில் ஐந்து பேர் குடும்பத்துக்கு 55 லிட்டர் வீதம் மாதம் எட்டேகால் கன மீட்டர் வரும். முதல் படியை அதற்குக் கொஞ்சம் மேலே, பத்தில் வைத்தால் அந்த ஐந்து பேர் குடும்பத்துக்குப் பயமில்லை. செலவின் பக்கம் பார்த்தால் ஆபரேட்டர் சம்பளம், பழுதுபார்ப்பு எல்லாம் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் ஏறக்குறைய அதேதான். கரண்டும் குளோரினும்தான் தண்ணீரோடு ஏறி இறங்கும். ஆகவே ஒரு நிலையான தொகையும் அதற்கு மேல் லிட்டர் கணக்கும் என்று இரண்டாகப் பிரிப்பதே கணக்குக்கு ஒத்துவரும். முழுக்க லிட்டர் கணக்கில் வைத்தால் ஊர் சிக்கனமாகும் மாதத்தில் ஆபரேட்டருக்குச் சம்பளம் இருக்காது.

வீட்டு மீட்டர் வந்ததும் உடனே பில் போடக் கூடாது. மூன்று நான்கு மாதம் ரீடிங் மட்டும் எடுத்து, “இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் உங்களுக்கு இவ்வளவு வந்திருக்கும், இப்போது கட்ட வேண்டாம்” என்று மாதிரி பில் கொடுக்கலாம். பழுதான மீட்டர், காற்று ஓடும் வீடு, இரட்டை இணைப்பு எல்லாம் அந்த மாதங்களில் வெளியே வந்துவிடும். ரீடிங் எடுப்பது ஆபரேட்டராக இல்லாமல் வேறொருவராக இருப்பது நல்லது. வால்வும் மீட்டர் நோட்டும் ஒரே கையில் இருந்தால் அவருக்கும் தொல்லை, ஊருக்கும் சந்தேகம். குழுவில் உள்ள பெண்கள் இதைச் செய்யலாம். 200 வீடு, ஒரு நோட்டு, இரண்டு நாள் வேலை. அதற்கு ஒரு சிறு ஊதியம் கொடுத்துவிட வேண்டும். சேவை என்று சொல்லி ஓசியில் செய்யச் சொன்னால் ஆறாவது மாதம் நோட்டு நின்றுவிடும்.

பணம் அனுப்புகிறவர்கள் கடைசியாகக் கணக்கில் சேர்க்க வேண்டியது மீட்டரின் ஆயுள். இயந்திர மீட்டர் தேயத் தேயக் குறைத்துக் காட்டும். அழுக்குத் தண்ணீரில் இன்னும் சீக்கிரம். பித்தளை உடம்பு என்றால் திருடு போகும், பிளாஸ்டிக் உடம்புக்கு அந்த ஆபத்து குறைவு. ஆகவே இருநூறு மீட்டருக்கு வசூலிக்கிற பணத்தில் தொட்டிக்கு ஒன்று, தெருக்களுக்கு நான்கைந்து, மேட்டு இடங்களுக்குக் காற்று வால்வு, ஒழுகும் இணைப்புகளை மாற்ற ஒரு தொகை என்று முதலில் வாங்கிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழுவின் வங்கிக் கணக்கில் மீட்டர் மாற்றும் நிதியாகப் போட்டு வைப்பது புத்திசாலித்தனம். ஒரு வருடத் தொட்டிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். அதைப் பார்த்த பிறகு வீட்டு மீட்டருக்கு இரண்டாவது வசூல் வைப்பதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.